அப்பாவுக்குப் பக்கத்தில்

பெத்ரோனிலா ஈரத்துணியால் அந்தப் பாதங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெடிப்புகளில் ஏறிய செம்மண் எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அன்செல்மோ சாமி விடியற்காலையில் கண்ணை மூடியிருந்தார். ஸ்பெயினிலிருந்து கப்பலேறி இந்த ஏரிக்கரைப் பூர்வகுடி ஊருக்கு வேதம் சொல்ல வந்த பிரான்சிஸ்கு சபைத் துறவி. கொள்ளைநோய் அவளுடைய தாய் தகப்பனைக் கொண்டுபோனபோது, அவளையும் தம்பி கஸ்பாரையும் மடத்திலேயே வைத்து வளர்த்தவர்.

வாசலில் நகரத்துத் துறவிகள் கோவேறு கழுதைகளோடு காத்திருந்தார்கள். பெரிய கோயிலில், பீடத்துக்கு அடியில் அவரைப் புதைக்க வேண்டுமாம்.

ஊர்த்தலைவர் மெல்ச்சோர் உள்ளே வந்தார். "இந்த ஊரு மண்ணுலதான் போடணும்னு சாமி என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு. மக பொறுப்புல நீதான் இருக்கே. என்னம்மா சொல்றே?"

"கொண்டுபோகட்டும்," என்றான் கஸ்பார் சுவரோரமாக நின்றபடி.

"நம்ம பாஷையில பிரசங்கம் வச்ச மனுசன்டா," என்றார் மெல்ச்சோர்.

"எங்க வச்சாரு? முப்பது வருசமா அந்தப் பாஷையைக் கொன்னாரு. திட்டும்போது மட்டும் சுத்தமா வரும்."

மெல்ச்சோருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெத்ரோனிலாவுக்கும்தான். கஸ்பார் சிரிக்கவில்லை.

"நம்ம பழைய கல்சாமிக்குப் படையல் வச்சாருன்னு அப்பாவைக் கட்டிவச்சு அடிக்கச் சொன்னது யாரு, அக்கா? கோயில் முத்தத்துல, அத்தனை பேரு பாக்க."

"இவருதான்."

"அப்புறம்?"

"அதே அப்பா நோயில கெடந்தப்ப, கிட்டப் போக ஊரே பயந்துச்சு. மடியில சாச்சுக் கூழு ஊட்டினதும் இவருதான். நான் பாத்தேன்."

கஸ்பார் மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியைப் பார்த்தான். வெளியே கழுதை ஒன்று கனைத்தது.

"ரெண்டுல ஒண்ணு மட்டும் செஞ்சிருக்கலாம்," என்றான். "எனக்கும் லேசா இருந்திருக்கும்."

மண்வெட்டியை எடுத்தான்.

"எங்கடா?"

"அப்பாவுக்குப் பக்கத்துல எடம் இருக்கு. ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிடட்டும்."

மெல்ச்சோர் நகரத்தாரிடம் சொல்லப் போனார். அவர்கள் குரலை உயர்த்தினார்கள், தலைவர் உயர்த்தவில்லை. கழுதைகளின் குளம்படி மெல்ல மெல்லத் தேய்ந்து போயிற்று.

உச்சிவேளையில் பெத்ரோனிலா சுரைக்குடுக்கையில் தண்ணீர் கொண்டுபோனாள். குழி இடுப்பளவு இறங்கியிருந்தது. கஸ்பார் மேலே ஏறி, தண்ணீரைக் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு குழியின் நீளத்தைப் பார்த்தான். அந்த ஊரில் எவருக்கும் அது போதும்.

"போதும்டா, வா."

"நெட்டை மனுசன்," என்றான் அவன். மறுபடியும் குழிக்குள் இறங்கி, கால்மாட்டுப் பக்கம் இன்னும் ஒரு முழம் வெட்டத் தொடங்கினான்.