பக்கத்து ஃபோல்டர்

மகனைக் காது வைத்தியரிடம் காட்ட வேண்டுமென்று சீக்கிரமே வந்துவிட்ட சுகாவா, அலுவலகச் சன்னலில் கையெழுத்துப் போட்ட பிறகும் நகராமல் நின்றாள். குழந்தைகள் காப்பகத்தில் அது தூக்க நேரம். டைச்சியை எழுப்பி, சட்டை மாற்றி அனுப்ப ஐந்து நிமிடமாவது ஆகும். அதுவரை வாய் சும்மா இருக்க வேண்டுமே.

"நிஷினோ-சான், கிழங்கு தோண்டப் போன போட்டோவெல்லாம் ரொம்ப நல்லா வந்திருக்கு. வர்ற வழியில ரயில்லயே பாத்துட்டேன். ஹிரோஷிமால இருக்கற எங்கம்மாவுக்கும் அக்காவுக்கும் அனுப்பியாச்சு."

"அப்படியா, சந்தோஷம்," என்றாள் நிஷினோ, தலையைத் தூக்காமலே. காப்பகத்தின் எழுத்து வேலை மொத்தமும் பதினோரு வருடமாக அவள் தலையில்தான். கையில் முத்திரை, எதிரில் ஒரு கட்டுக் காகிதம்.

"நம்ம பஸ்ஸு முன்னாடி ரெண்டு கையிலயும் கிழங்கத் தூக்கிட்டு ஒரு பொண்ணு நிக்குதே, முன்பல்லு விழுந்தது. ரிக்கா தானே அது? 'ஏம்மா அவ மட்டும் எந்தப் போட்டோலயும் வரமாட்டேங்கறா'ன்னு டைச்சி கேட்டுட்டே இருப்பான். இன்னிக்குத்தான் அந்தப் பொண்ணு சிரிச்சுப் பாக்கறேன்."

நிஷினோவின் முத்திரை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது.

ரிக்கா எந்தப் படத்திலும் வராததற்குக் காரணமே நிஷினோதான். ஒவ்வொரு விழா முடிந்ததும் நானூறு ஐந்நூறு படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ரிக்காவின் முகமோ முதுகோ ஓரமாகத் தெரிந்தால்கூட அதைப் பிரித்துத் தனி ஃபோல்டரில் போடுவாள். மாதக் கடைசியில் அவற்றை அச்செடுத்து, உறையில் போட்டு ஒட்டி, ரிக்காவின் அம்மா ஹயாமியின் கையில் கொடுப்பாள். ஹயாமி என்பது காப்பகத்தில் புழங்குவதற்கு வைத்துக்கொண்ட பெயர். அடித்துத் துவைத்த புருஷனிடமிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள். இது அவளுக்கு மூன்றாவது ஊர். இரண்டாவது ஊரில் கடைத்தெருத் திருவிழாவுக்கு எடுத்த ஒரே ஒரு படத்தை யாரோ இணையத்தில் போட, பதினெட்டாம் நாள் அவன் வாசலில் வந்து நின்றானாம். சேர்க்கை நாளன்று இதையெல்லாம் யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, "போட்டோ மட்டும் பாத்துக்கோங்க" என்று தலை குனிந்து வணங்கினாள். நிஷினோ அதை வேலையாக அல்ல, வாக்காகவே எடுத்துக்கொண்டாள்.

சுகாவா மகனோடு வெளியேறும் வரை எப்படிச் சிரித்துச் சமாளித்தாள் என்பது நிஷினோவுக்கே தெரியாது. கதவு மூடியதும் கணினிப் பக்கம் திரும்பினாள். ஃபோல்டர்கள் வரிசையாக நின்றன. 'நிலா வகுப்பு – பெற்றோர்' இருந்தது; அதில் போடுவதெல்லாம் அப்படியே பெற்றோரின் கைபேசிக்குப் போய்விடும். அதற்கு அடுத்த வரியில் 'நிலா வகுப்பு – தனி' இருக்க வேண்டும். இல்லை. 'பெற்றோர்' என்பதைத் திறந்தாள். உள்ளே, முதல் வரியிலேயே, பச்சை வட்டத்துக்குள் சரிக்குறி போட்டுக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது 'தனி'.

காலையில் என்ன நடந்தது என்று இப்போது ஞாபகம் வந்தது. எட்டு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. மவுஸைப் பிடித்த விரலை எடுக்காமலே எட்டி எடுத்தாள். அந்த ஓர் அங்குல இழுப்பில் ஃபோல்டர் பக்கத்து ஃபோல்டருக்குள் விழுந்திருக்கிறது. பெயர் வரிசையில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும்படி அழகாகப் பெயர் வைத்ததும் அவளேதான். இப்படி நகர்த்தினால் எல்லாரும் பார்ப்பார்களே, சரிதானா என்று கணினி முன்பெல்லாம் ஒரு வார்த்தை கேட்கும். நச்சரிப்பு தாங்காமல் ஏப்ரலில் 'இனி கேட்காதே' என்ற கட்டத்தில் அவள்தான் குறி போட்டாள். சொல்பேச்சுக் கேட்கும் பிராணி, அன்றிலிருந்து கேட்கவில்லை.

வெளியே இழுத்துப் போட்டாள். மணி இரண்டு நாற்பத்து மூன்று. அம்புகள் இரண்டு ஒன்றையொன்று துரத்திச் சுற்றின, பிறகு மறுபடி பச்சைக் குறி. இணைய மேகத்திலிருந்து இறங்கிவிட்டது. ஆனால் கொட்டிய பாலை அள்ள முடியுமா? யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலைத் திறந்தாள். பதினேழு வீடுகள். கிழங்குப் படத்தைத் திறந்து பெரிதாக்கினாள். குழந்தையின் தலைக்கு மேலே, மஞ்சள் பேருந்தின் பக்கவாட்டில், காப்பகத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் கொட்டை எழுத்தில்.

தலைமை ஆசிரியை குசுமோட்டோ நகராட்சிக் கூட்டத்தில் இருந்தாள். நாலாவது தடவைதான் எடுத்தாள்.

"பதறாதீங்க நிஷினோ-சான். எடுத்தாச்சுல்ல? நான் ஆறு மணிக்கு வந்துடறேன். அதுவரைக்கும் அந்தம்மாகிட்ட ஒண்ணும் பேச வேணாம்."

"அவங்க அஞ்சேகாலுக்கே வந்துடுவாங்க டீச்சர்."

"வரட்டும், கூட்டிட்டுப் போகட்டும். என்ன பண்ணணும்னு இங்கயும் கேட்டுக்கறேன். நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்து சொல்லுவோம். ஒண்ணுமே ஆகாம இருக்கறப்ப ஏன் பயமுறுத்தணும்?"

பெற்றோருக்குச் செய்தி எழுத உட்கார்ந்தாள். இந்தக் குழந்தையின் படங்களை அழியுங்கள் என்று எழுதினால் பதினேழு வீடும் இந்தக் குழந்தையைத்தான் உற்றுப் பார்க்கும். சில படங்களை அழியுங்கள் என்றால் எவரும் அழிக்கமாட்டார்கள். நாலு முறை எழுதி நாலு முறை அழித்து, கடைசியில், கிழங்கு தோண்டிய படங்கள் மொத்தமும் தவறாக வெளியாகிவிட்டன, அருள்கூர்ந்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், புதிதாகத் தருகிறோம் என்று பொய் சொன்னாள். ஒன்பது வீட்டிலிருந்து 'சரி' என்று வந்தது. ஒருத்தி தன் மகன் மூக்கு ஒழுகிக்கொண்டு நிற்பதால்தானா என்று கேட்டிருந்தாள். சுகாவாவிடமிருந்து நாலரைக்கு வந்தது: 'அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அக்கா மட்டும் தன் தோழிகளுக்கு அனுப்பிவிட்டாளாம். பரவாயில்லையா?'

ஹயாமியின் புருஷன் எந்த ஊரில் இருக்கிறான் என்று நிஷினோவுக்குத் தெரியாது. ஹிரோஷிமாவாக இருக்காது. ஏன் இருக்கக் கூடாது? அக்காவின் தோழிகளுக்கு எத்தனை தோழிகள்? டீச்சர் சொல்வதும் நியாயம்தான், அனேகமாக ஒன்றும் ஆகாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ரிக்கா நாளைக்கும் வருவாள், பல் விழுந்த வாயால் பாட்டுப் பாடுவாள். அப்படி இருந்துவிடத்தான் நிஷினோவுக்கு ஆசையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. சொன்னால் இந்த வேலையே போகலாம். அது அத்தனை பெரிதாகத் தோன்றவில்லை. ஹயாமியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே, அதுதான் பெரிது.

ஐந்து பதினாலுக்கு ஹயாமி வந்தாள். மீன் பதனிடும் இடத்து ரப்பர் காலணி, கழுத்தில் துண்டு. "நல்ல குளிர் இன்னிக்கு," என்றாள். சின்னக் குழந்தை ஒன்றைத் தூக்கியபடி நின்ற வகுப்பு ஆசிரியை உள்ளே போகும்வரை நிஷினோ காத்திருந்தாள். பிறகு சன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து, ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

முடிந்ததும் ஹயாமி கேட்டாள்: "எத்தன நேரம்?"

"எட்டு இருபதுலேர்ந்து ரெண்டு நாப்பத்து மூணு வரைக்கும்."

"பஸ்ல பேரு தெரியுதா?"

"தெரியுது. நம்பரும் தெரியுது."

"வெளியூருக்குப் போயிருக்கா?"

"ஹிரோஷிமாவுக்கு. அதுக்கப்புறம் எங்கன்னு தெரியல. என் கைதான் இதைப் பண்ணிச்சு, ஹயாமி-சான். வேற யாரும் இல்ல."

ஹயாமி துண்டால் கழுத்தைத் துடைத்தாள். அங்கே வேர்வை ஒன்றும் இல்லை. "போன ஊர்ல யாரும் சொல்லல," என்றாள். "அவன் வந்து நின்னப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது."

நிஷினோ இடுப்பு மடியக் குனிந்தாள். குனிந்தே இருந்தாள். ரிக்கா கூடத்திலிருந்து ஓடிவரும் சத்தம் கேட்டது. குனிந்த கண்ணுக்குத் தரை மட்டும்தான் தெரிந்தது: உள்ளே போட்டுக்கொள்ளும் வெள்ளைக் காலணியைச் சின்னக் கால்கள் ஒன்றையொன்று மிதித்துக் கழற்றின. வாரம் முழுக்கக் காப்பகத்து அலமாரியிலேயே இருக்கும் காலணி. துவைப்பதற்காக வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்குப் போகும். ரிக்கா அவற்றை எடுத்து அலமாரிப் பக்கம் திரும்பினாள். ஹயாமியின் கை வந்து அவற்றை வாங்கிக்கொண்டது.

"அம்மா, இன்னிக்குப் புதன்கிழமை."

"தெரியும்டா."

இரண்டு காலணிகளும், அடிப்பக்கம் ஒன்றோடொன்று சேர, மீன் வாடையடிக்கும் பைக்குள் போயின.