கழுதை உட்கார்ந்த இடம்

காய்ச்சல் போனது, போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரொட்டி சுடுகிறவளுக்கு மூக்கு போனால் என்ன மிச்சம்? வாசனை பிடித்தே அடுப்பைத் திறந்து பழகியவள் நான். இப்போது ஒரு தட்டு கரி, அடுத்த தட்டு பச்சை மாவு. கடையைச் சாத்தினேன். "அடுப்பை வித்துத் தொலைங்க!" என்று என் வீட்டுக்காரரிடம் கத்தினேன். அவர் பாவம், பழைய அடுப்பு வாங்குகிறவரை வெள்ளிக்கிழமை வரச் சொன்னார். விற்கச் சொன்னதும் நான், அழுததும் நான்.

வியாழன் மாலை நாத்தனார் வந்தார். என்னைவிட ஒரு வயது மூத்தவர். வாய் மட்டும் பத்து வயது மூத்தது. எங்கே உட்கார்ந்தாலும் பையிலிருந்து பக்திக் கதைப் புத்தகம் வெளியே வந்துவிடும். சாத்திய கடைக்குள் அடுப்பையே முறைத்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தார். பாலைவனத்தில் ஒருவன் வழி தவறித் தாகத்தில் தவிக்கிறான். கழுதை ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. அடித்தும் எழவில்லை. அழுது ஓய்ந்து, அந்த இடத்திலேயே மண்ணைத் தோண்டுகிறான். தண்ணீர்.

"சின்ன வயசுலேர்ந்து கேட்ட கதைதானே, அண்ணி" என்றேன் எரிச்சலாக.

"கதைன்னு கேட்டா கதை. உன்னையே உள்ள வச்சுப் படிச்சுப் பாரு. வழி தப்புனது நீ. பாலைவனம் நீ. தண்ணியும் நீதான்."

"அப்போ கழுதை?"

"அதை வேற தனியா சொல்லணுமா? மூணு வாரமா இங்கேயே உக்காந்திருக்கியே!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் போன பிறகும் கழுதை என்னை விடவில்லை. அதை அடித்தவன் தண்ணீர் வேறெங்கோ இருக்கிறது என்று நினைத்தான். நானும் போன மூக்கையே நினைத்து மாய்ந்துகொண்டிருந்தேன். உட்கார்ந்த இடத்தில் என்னதான் இருக்கிறது?

வெள்ளி காலையில் மாவு பிசைந்தேன். ரேடியோவைத் திருகப் போன கையை இழுத்துக்கொண்டேன். பாட்டு இல்லாவிட்டால் என் மாவு உப்பாது என்று தெருவே கேலி பேசும். அன்று வேண்டாம் என்று தோன்றியது.

ஒரு ரொட்டியை இறக்கிக் கவிழ்த்து அடியில் தட்டினேன். மற்ற கடைக்காரர்கள் இப்படித் தட்டுவதைப் பார்த்து, 'மூக்கில்லாத ஜென்மங்கள்' என்று சிரித்தவள் நான். மொத்தென்றது. திரும்ப உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினால், காலிப் பெட்டி மாதிரி டொக்கென்றது; வெந்துவிட்டது. மேடையில் வைத்ததும் மேல்தோல் சடசடவென்று மெல்ல வெடித்தது. அடக் கடவுளே! இத்தனை வருடமும் இது பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான்தான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் வாய்விட்டு அழுதேன்.

அடுப்பு வாங்குகிறவர் வாசலில் வந்து நின்றார்.

"என்னம்மா, தெருமுனையிலேயே வாசனை ஆளைத் தூக்குதே!"

"அப்படியா? நல்லா இருக்கா?" நிஜமாகவே எனக்குத் தெரியாதே.

"நல்லா இருக்காவா! பசியே வந்துடுச்சு."

"அப்போ உள்ள வந்து சாப்பிடுங்க. அடுப்பு மட்டும் கிடைக்காது."

பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். "நேத்து வரைக்கும் வித்துத் தொலைன்னு..."

"நேத்து வரைக்கும் கழுதை உக்காந்திருந்துச்சுங்க. இன்னிக்குத் தோண்டிட்டேன்."

வீட்டுக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட ஆரம்பித்தார்.