பாதி மந்திரம்

கல்யாணமான நாளிலிருந்து ஜெபமாலையில் ஒவ்வொரு மந்திரத்திலும் முன்பாதி சிங்கராயருக்கு, பின்பாதி அவர் மனைவி ஆரோக்கியசெல்விக்கு. "அருள் நிறைந்த மரியாயே" என்று பிடித்தால் தன் பாதியை ஒரே மூச்சில் ஓட்டி முடிப்பார். அந்த மனுஷர் இந்த வாரம் நடுவில் நின்று, மூச்சு வாங்கி, விட்ட இடத்தைத் தேடினார்.

கழுத்தில் வந்த கட்டி ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற புற்றுநோய் என்று தெரிந்து, எழுபத்திரண்டு வயதில் அவருக்குக் கீமோ ஓடிக்கொண்டிருந்தது. வேலூருக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் பிரிஸில்லா கேட்பார், "இருமல் இருக்கா, மூச்சு வாங்குதா?" இவரும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்.

காரணம் இருந்தது. ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டே காலம் தள்ளியவர். "நாலு மருந்து ஏத்துறாங்க. இருமல்னு சொன்னா ஒண்ணக் கொறச்சிடுவாங்க. சாயத்துல ஒரு சரக்கு கொறஞ்சா நெறம் ஏறுமாடி? வாயத் தொறக்காத" என்று செல்வியிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

இந்த முறையும் டாக்டர் கேட்டார். "சுத்தமா இல்லம்மா" என்றார் சிங்கராயர்.

"பொய்ங்கம்மா" என்றாள் செல்வி. "படுத்தா வறட்டு இருமல். ஒரே மூச்சுல மந்திரம் சொன்னவரு, இப்போ பாதியில நின்னுகினு மூச்சு வாங்கறாரு."

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "நாலுல ஒரு மருந்து நுரையீரலைக் கெடுக்குது. வயசானவங்களுக்கு அது ஜாஸ்தி. இன்னியோட அதை நிறுத்திடலாம். மீதி மூணும் போடலாம்."

"ஒண்ணு கொறஞ்சா நெறம் ஏறாதேம்மா!"

"நெறம் ஏறலன்னா நூலை மறுபடி முக்கலாம். நுரையீரலை முக்க முடியுமா ஐயா?"

ஊர் திரும்பும் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டும் வரை அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே வந்தார். பிறகு, "யூதாசு. காட்டிக் குடுத்துட்டியே" என்றார்.

"யூதாசுக்காவது வெள்ளிக்காசு கெடச்சிது. எனக்கு உங்க மொறப்புதான்" என்றாள். வாய்தான் பேசியது. மூன்று மருந்துக்கு நோய் அடங்காமல் போனால்? தன் வாயாலேயே அவரைக் கொன்றதாகிவிடுமே என்று பயமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

சாயங்காலம் ஜெபத்துக்கு வந்தவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். பிடிவாதத்தில் அவருக்கு அவரே நிகர். செல்வி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் அவருடைய முன்பாதியைத் தானே சொல்லிவிட்டு, பின்பாதியை அவருக்கு விட்டுவைத்தாள்.

சிங்கராயர் தொண்டையைச் செருமினார். "அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, பாவிகளாயிருக்கிற எங்களுக்காக இப்பொழுதும்..." அதற்கு மேல் மூச்சு வரவில்லை. அடுத்து வருவது "எங்கள் மரண நேரத்திலும்". அதைச் சொல்லத்தான் அவர் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

செல்வி அவர் கையைப் பிடித்தாள்.

"இப்போதைக்கு அதுவரைக்கும் போதுங்க" என்றாள்.