நீலத்தின் மேல் பழுப்பு

ஸீஹன் சாலையில் கார் புரண்டு கீலி செத்துப்போனாள் என்ற செய்தி வந்தபோது கிளெனிஸ் தன் முடி திருத்தும் கடையில், கையில் சாயக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். பக்கத்துக் கடை பேக்கரிக்காரி ஷெரில் மாவு ஒட்டிய ஏப்ரனோடு மழையில் ஓடிவந்து, கதவைப் பாதி திறந்தபடியே விஷயத்தைச் சொன்னாள்.

"யாரு, நம்ம ரேலீன் பொண்ணா?" என்றாள் நாற்காலியில் இருந்த கிழவி பெவ். அவள் தலையில் பாதிக்குச் சாயம் பூசியாகியிருந்தது.

"அவளேதான். பப்புல வேலை முடிச்சிட்டுத் திரும்பி வந்திருக்கா. ரோட்டுல பனி உறைஞ்சு கிடந்துச்சாம். அந்த வளைவு இருக்கே, அங்க."

"ஐயோ. இருபது வயசுடி அவளுக்கு!"

ஷெரில் அழுதாள். பெவ் அழுதாள். கிளெனிஸுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: சாயம் இறுகுகிறது. பிரஷை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பூச ஆரம்பித்தாள்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையாடி?" என்றாள் பெவ் கண்ணாடி வழியாக. "கல்லு மாதிரி நிக்கிற."

"தலையை ஆட்டாத, பெவ். காதுல படும்."

பெவ்வை அனுப்பினாள். அடுத்து வந்தவனுக்கு மீசை திருத்தினாள். மதியம் ரொட்டி தின்றாள். அழுகை எங்கேயோ கிளம்பி வந்துகொண்டிருக்கிறது, வந்து சேரட்டும் என்று இருந்தாள். அது வரவில்லை.

கீலிக்குப் பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து முடி வெட்டியவள் கிளெனிஸ். இரண்டு வாரத்துக்கு முன்னால் அந்த முடிக்கு நீலம் போட்டவளும் அவளேதான்.

குயின்ஸ்டவுன் என்ற அந்தச் சின்னச் சுரங்க ஊரில் கிளெனிஸின் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். வந்து உட்கார்ந்த உடனே கத்தரியைத் தொடமாட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, எதிரில் உட்கார்ந்து கேட்பாள். காலையில் தலைவார எவ்வளவு நேரம் இருக்கு, வேலைக்குத் தொப்பி போடணுமா, போன தடவை எது பிடிக்கல, உங்க வீட்டுக்காரர் சொல்லி வந்தீங்களா, நீங்களா வந்தீங்களா. "கிளெனிஸ்கிட்ட முடி வெட்டப் போறதும் போலீஸ் ஸ்டேஷன் போறதும் ஒண்ணு" என்று சுரங்கத்து ஆட்கள் கேலி செய்வார்கள். "ஏதோ பண்ணு" என்று சொல்பவர்களை அவள் எழுப்பி அனுப்பியிருக்கிறாள், போய் டீ குடித்து யோசித்துவிட்டு வா என்று.

கீலியையும் அப்படித்தான் கேட்டாள். நன்றாகவே கேட்டாள். முடியை வெளுத்தால்தான் இந்த நீலம் பிடிக்கும், வெளுத்த முடி வைக்கோலாகும், பப்பில் முதலாளி ஒத்துக்கொள்வானா, மழையில் நனைந்தால் தலையணையில் ஒட்டும். எல்லாவற்றுக்கும் கீலி தலையாட்டினாள். அப்புறம்தான் கிளெனிஸ் சாயம் போட்டாள். நல்ல நீலம். ஓவல் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால்கூட அது கீலிதான் என்று தெரிந்தது.

மறுநாள் கறிக்கடையில், நாலு பேர் பார்க்க, ரேலீன் பிடித்துக்கொண்டாள். "என் பொண்ணு தலையில என்னத்தடி ஊத்தின? டாய்லெட் கழுவுறதையா?" எல்லோரும் சிரித்தார்கள். அடக்க முடியாமல் கிளெனிஸும் சிரித்துவிட்டாள். அதுதான் வினையாகப் போயிற்று. இருவரும் வலைப்பந்து அணியில் பல வருடம் சேர்ந்து ஆடியவர்கள். அன்றோடு பேச்சு நின்றது. வீட்டில் மகளோடும் ரேலீன் பேசுவதில்லை என்று ஷெரில் வந்து சொன்னாள்.

விபத்து நடந்த மறுநாள் ரேலீன் கடைக்கு வந்தாள். வெளியே அவள் புருஷன் டேரிலின் வண்டி, எஞ்சின் ஓடியபடி நின்றது. அவன் மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை விமானத்தில் போய்வருகிறவன். செய்தி கேட்டு அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தான். துடைப்பான் மட்டும் கண்ணாடியில் இப்படியும் அப்படியும் போய்க்கொண்டிருந்தது. அவன் முகம் சரியாகத் தெரியவில்லை.

"டேரில் உள்ள வரலியா?"

"அவன் இறங்கமாட்டான். விடு." ரேலீன் நேராகப் போய் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். "பர்னி டவுன்ல வச்சிருக்காங்க அவளை. நாளைக்குப் பார்க்க விடுவாங்களாம். அவ தலைமுடியை நீதான் சரி பண்ணணும். ஊர்ல வேற யாரு இருக்கா?"

கிளெனிஸ் வழக்கம்போல, முடி வெட்டும்போது போர்த்தும் துணியை எடுத்து அவள் கழுத்தில் சுற்றிக் கட்டினாள். கட்டி முடித்த பிறகுதான், என்ன செய்கிறோம் என்று உறைத்தது. ரேலீனும் கவனித்தாள். இரண்டு பேருமே அதை அவிழ்க்கவில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள் கிளெனிஸ்.

"வகிடு எந்தப் பக்கம்?"

"உனக்குத் தெரியாதா?"

"தெரியும். நீ சொல்லு."

"இடது."

"முன்முடி நெத்தியில விழணுமா, ஒதுக்கணுமா?"

"ஒதுக்கிடு. கண்ணு தெரியட்டும்." சொல்லிவிட்டு ரேலீன் நிறுத்தினாள். "நெத்தி தெரியட்டும்."

"விரிச்சு விடவா, பின்னவா?"

"விரிச்சு விடு. தோள் மேல வரட்டும்."

"சரி."

"அந்த நீலத்தை எடுத்துடு. பழுப்பாக்கு. அவளோட சொந்த நிறம்."

கிளெனிஸ் ஸ்டூலை இன்னும் கிட்ட இழுத்தாள். "ரேலீன், கேளு. நீலத்து மேல பழுப்பு போடலாம். முதல்ல நல்லா அலசி, கொஞ்சம் செம்பு நிறம் கலந்து போட்டா பச்சை அடிக்காது. என்னால முடியும். ஆனா போட்டா போட்டதுதான். அப்புறம் உனக்கு மனசு மாறினா திரும்ப நீலம் கொண்டுவர நேரமும் இருக்காது, அந்த முடியும் தாங்காது."

"மாறாது."

"கடைசியா அவ எப்படி இருந்தாளோ அப்படி இருக்கமாட்டா."

"அதுக்குத்தான் சொல்றேன்." ரேலீன் கண்ணாடியில் தன்னையே பார்த்தபடி பேசினாள். "நீதானே போட்ட. நீயே எடு."

"ராத்திரி யோசிச்சுட்டுச் சொல்றியா?"

"என்னடி உனக்கு? பழுப்புன்னு சொல்லிட்டேன். இன்னும் எத்தனை தடவை கேப்ப?"

"சரி. பழுப்பு."

வெளியே டேரில் ஒரு தடவை ஹாரனைத் தொட்டான். அவசரப்படுத்துகிறானா, கை தவறிப் பட்டதா என்று தெரியவில்லை. ரேலீன் எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு அவளையும் இப்படித்தான் உட்கார வச்சுக் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

கிளெனிஸ் பொய் சொல்லியிருக்கலாம். அதற்கு வேண்டிய யோசனைகூட அவளுக்கு ஓடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். "அம்மா என்ன சொல்லுவான்னு கேட்டேன். 'மூணு நாள் கத்துவா, அப்புறம் அவளே நல்லாத்தான்டி இருக்குன்னு சொல்லுவா'ன்னா."

"மூணு நாள்னா சொன்னா?"

"ம்."

ரேலீன் கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்தாள். மடித்து நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்தாள். "எனக்கு மூணு நாள் பத்தலை," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கி வண்டிக்குப் போனாள்.

மறுநாள் கிளெனிஸ் கடையைப் பூட்டி, பெட்டியில் சாமான்களை எடுத்துக்கொண்டு பர்னிக்குக் காரோட்டினாள். இறந்தவர்களைத் தயார் செய்யும் அந்த இடத்தில் காலின் என்ற ஒல்லியான மனிதர் அவளைப் பின்வாசல் வழியாக அழைத்துப் போனார்.

"முகத்துல ஒண்ணுமில்லைங்க. பின்னந்தலையில மட்டும்தான். நாங்க சுத்தம் பண்ணித் துண்டு வச்சிருக்கோம். தலையை ரொம்பத் தூக்கவேண்டாம். பழக்கம் உண்டா உங்களுக்கு?"

"இல்ல."

"நான் கூட இருக்கவா?"

"வேண்டாம். ட்ரையர் மட்டும் குடுங்க. உடம்புல சூடு இல்லாம சாயம் பிடிக்க நேரமாகும்."

காலின் ட்ரையரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கிளெனிஸ் தலைமாட்டில் நின்றாள். கீலியின் முகம் கீலியின் முகமாகவே இருந்தது. மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள், அந்தப் புள்ளி தெரிந்தது. இப்போதாவது அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். கைகள் குழாயைத் திறந்தன. தண்ணீரை மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டு, முடியில் ஊற்றினாள்.

"சூடு போதுமா, கண்ணு?" என்று கேட்டாள்.

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அலச ஆரம்பித்தாள்.

நீலம் போய்க்கொண்டே இருந்தது. தொட்டியின் எஃகுத் தட்டில் கோடு கோடாக ஓடி ஓட்டைக்குள் இறங்கியது. இவ்வளவு நீலமா போட்டோம் என்று நினைத்தாள். தண்ணீர் ஒருவழியாக வெளிறிய பிறகு சாயத்தைக் கலந்தாள். பழுப்பு, அதில் கொஞ்சம் செம்பு. பகுதி பகுதியாகப் பிரித்து, வேர் முதல் நுனி வரை பூசி, மேலே உறை போட்டு, ட்ரையரைச் சூட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை வலித்தது. கையை மாற்றிப் பிடித்தாள். வேலை நன்றாகவே வந்தது. சொன்னபடி வகிடு எடுத்து, முன்முடியை ஒதுக்கி, மீதியைத் தோள் மேல் பரப்பினாள். அவள் கைப்பட வந்த பழுப்புகளிலேயே இதுதான் இயற்கையாக இருந்தது.

ரேலீன் முதலில் தனியாக உள்ளே வந்தாள். கட்டில் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து, மகளின் முடியில் ஒரு கற்றையை எடுத்து விரலில் சுற்றினாள்.

"இதான் என் பொண்ணு," என்றாள். "நன்றி, கிளெனிஸ். நல்லாப் பண்ணியிருக்க."

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு." அவள் குரலில் கொஞ்சம் இளக்கம்கூட வந்திருந்தது. "டேரிலை வரச் சொல்லு."

கூடத்தில் டேரில் மூடிய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் கனத்த காலணிகளோடே வந்திருந்தான். கிளெனிஸ் கதவைப் பிடித்துக்கொள்ள, அவன் உள்ளே வந்து நாலடி தள்ளியே நின்றுவிட்டான். மகளைப் பார்த்தான். கிளெனிஸைப் பார்த்தான். திரும்பவும் மகளைப் பார்த்தான்.

"நீலம் எங்க?"

அவன் ஒரு அடி முன்னால் வந்தான்.

"நீலமா இருந்துச்சே. வீடியோவுல காட்டினா." அவன் கையைத் தூக்கித் தன் தலைமேல் ஒருமுறை சுற்றிக் காட்டினான், அவள் தலையை ஆட்டிக் காட்டிய மாதிரி. "அங்க நெட்வொர்க் சரியில்ல, பாதியில நின்னு போச்சு. வந்து நேர்ல பாக்குறேன்னு சொல்லியிருந்தேன்."

"டேரில்," என்றாள் ரேலீன்.

"கத்தலைடி. கேக்குறேன். எடுத்துட்டீங்களா?"

"நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"அப்படியா," என்றான். "என்னை யாரும் கேக்கலையே."

அதில் குற்றச்சாட்டே இல்லை. பஸ் போய்விட்டதா என்று கேட்பவன் குரல். கிளெனிஸுக்கு அந்த மழையில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நினைவுக்கு வந்தது. கடையிலிருந்து பத்தடி தூரம்கூட இருக்காது. குடையை எடுத்துக்கொண்டு போய், கண்ணாடியைத் தட்டி, 'உனக்கு எப்படி வேணும்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டவள். வண்டிக்குள் இருந்தவனிடம் கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை.

"என் தப்பு, டேரில்," என்றாள். "உன்கிட்டயும் கேட்டிருக்கணும்."

"திரும்பக் கொண்டுவர முடியுமா?"

"முடியாது."

அவன் தலையாட்டினான். சுரங்கத்தில் மேலாளர் ஏதோ சொன்னால் ஆட்டுவது மாதிரி, புரிந்தது என்று. ரேலீன் விரலில் சுற்றிய கற்றையை மெல்ல அவிழ்த்து, இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள். டேரில் வந்து உட்கார்ந்தான். ஒரே நாற்காலியில் இரண்டு பேர், ஆளுக்குப் பாதியாக.

"எப்படி இருந்துச்சு அது?" என்று அவன் மனைவியைக் கேட்டான். "வீடியோவுல சரியாத் தெரியல. கரு நீலமா, வெளிர் நீலமா?"

ரேலீன் யோசித்தாள். "நான் சரியாப் பாக்கலை," என்றாள். "கோவத்துல இருந்தேன்." கிளெனிஸ் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லேன்."

கிளெனிஸ் சொன்னாள். வேரில் கருத்து, நுனிக்கு வர வர வெளுத்தது. காதுக்குப் பின்னால் ஒரு இடத்தில் சரியாகப் பிடிக்கவில்லை, அதைக் கீலி கண்டுபிடித்துச் சிரித்தாள். வெளிச்சத்தில் ஒரு மாதிரி, மழை இருட்டில் ஒரு மாதிரி. தொழில்காரி சொல்வது போலத்தான் சொன்னாள், வேறு மாதிரி சொல்ல அவளுக்கு வரவில்லை. இரண்டு பேரும் அந்தப் பழுப்புத் தலையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்தபோது நல்ல பசி நேரம். எதிர்க்கடையில் டேரில் இறைச்சி அடைத்துச் சுட்ட மூன்று ரொட்டிகள் வாங்கி வந்தான். அவன் வண்டியின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து, காகித உறையை மடியில் விரித்துத் தின்றார்கள். ரொட்டி சூடாக இருந்தது. கிளெனிஸுக்கு நாக்கு சுட்டது தெரிந்தது, ருசி தெரியவில்லை.

"சாஸ் இருக்கா?" என்றாள் ரேலீன்.

டேரில் தேடி எடுத்துக் கொடுத்தான்.