கிடாரத்துக்கு ஒரு வால்வு

ஓமந்தையில் நாகேஸ்வரி நடத்தும் இரும்புச் சாமான் கடையில் செப்புக் குழாய் கேட்டுப் போகிறவர்கள் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். செப்புக் குழாயில் வடிக்கிற கள்ளச் சாராயமான கசிப்புக்குத் தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். அது ஊருக்கே தெரியும். விஜிதரனுக்கும் தெரியும்.

விஜிதரன் ஜெர்மனியில் ஒரு பியர் தொழிற்சாலையில் கொதிகலன் கழுவியவன். யாரோ காய்ச்சியதைக் கழுவிக் கழுவியே இளமை போய்விட்டது. ஒரு தரமாவது தன் கையால் காய்ச்சிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையோடு ஊர் திரும்பியிருந்தான். பெரிய எவர்சில்வர் கிடாரம் ஒன்று வாங்கி, அதன் அடிப்பக்கத்தில் துளையும் போட்டாயிற்று. கொதித்ததைத் தூக்கிச் சரிக்காமல் திறந்துவிட ஒரு வால்வுதான் பாக்கி.

நாகேஸ்வரி முதலில் பிளாஸ்ரிக் வால்வை எடுத்து வைத்தார்.

“கொதிக்கிறதுக்கு அக்கா. உது இளகிப்போம்.”

பித்தளை வந்தது. அவன் உருட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தான்.

“புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும். எவர்சில்வரிலை இல்லையோ? வாசரும் கறுத்த றப்பர் வேண்டாம், மணக்கும். சிலிக்கன் எண்டால் நல்லது.”

நாகேஸ்வரி கண்ணாடியைக் கழற்றினார். “அப்பிடி என்னத்தைத் தம்பி காய்ச்சப் போறியள்?”

பியர் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு வாய் வரவில்லை.

“கோயிலுக்கு அக்கா. அன்னதானத்துக்கு... ரசம்.”

நாகேஸ்வரியின் கண் கலங்கிவிட்டது. போன திருவிழாவில் கோயில் சமையல்காரர் நல்லதம்பி, ரசக் கிடாரத்தைத் தூக்கும்போது கை வழுக்கி இரண்டு காலையும் பொசுக்கிக்கொண்டவர். இன்னும் நொண்டித்தான் நடக்கிறார்.

“இத்தினை சனம் இருக்கிறம். ஒருத்தருக்கும் இந்தப் புத்தி வரேல்லையே!”

தானே ஸ்ரூலில் ஏறி மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கினார். ஒவ்வொரு வால்வாகத் திருகி, வாய் வைத்து ஊதி, இறுக்கமில்லாமல் திரும்பிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு மரை பொருந்தும் துண்டுக் குழாயும் நட்டும் வெள்ளை வாசரும் சேர்த்துக் கட்டினார். காசை நீட்டியபோது அவன் கையை விலக்கிவிட்டார். “கோயில் காரியத்துக்கோ? போங்கோ தம்பி.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். பார்சலை வாங்கிக்கொண்டு வந்தான்.

வீட்டில் வால்வைப் பூட்டி, தண்ணீர் கொதிக்கவைத்துத் திறந்து பார்த்தான். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. மகிழ்ந்திருக்க வேண்டிய நேரம். அவனுக்கோ அந்தக் கிடாரத்தைப் பார்க்கவே கூசியது.

மறுநாள் பின்னேரம் நல்லதம்பி காலை இழுத்து இழுத்து வந்தார். குசினி அடுப்பில் கிடாரத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“நாகேஸ் வால்வு எண்டுதான் சொன்னவா. நீங்கள் கிடாரத்தையே குடுக்கிறியளோ?” குனிந்து வால்வைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். “இனி நான் இதைத் தூக்கத் தேவையில்லை, என்ன?”

“ஓம் அண்ணை,” என்றான் விஜிதரன். வேறென்ன சொல்வது? கிடாரம் அன்றைக்கே லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக் கோயிலுக்குப் போனது.

திருவிழாவன்று ஒலிபெருக்கி அவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஆட்கள் வந்து கை கொடுத்தார்கள். பொறுக்க முடியாமல் கோயில் அன்னதான மடத்தின் பின்பக்கம் போனான். அங்கே நாகேஸ்வரி தனியாக வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார்.

“அக்கா, அது கோயிலுக்கு வாங்கினதில்லை. பியர் காய்ச்சத்தான் வாங்கினனான். உங்களுக்குப் பயந்து பொய் சொன்னனான்.”

அவர் கை நின்றது.

“நான் இதுவரைக்கும் குடி காய்ச்ச ஒருத்தருக்கும் தெரிஞ்சு ஒண்டும் குடுத்ததில்லைத் தம்பி,” என்றார் மெல்ல. “நல்லதம்பி அண்ணைக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. அந்த மனிசன் எங்கை போனாலும் உங்கட கதைதான்.”

“வேணுமெண்டால் நான் எல்லாருக்கும்—”

“வேண்டாம். அந்தப் பொய்யை இனி நானும் சேர்ந்து சொல்லத்தானே வேணும்.”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பான். அவர் அடுத்த இலையை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். நிமிர்ந்து அவனைப் பார்க்கவில்லை.

இப்போது ஓர் ஆணி வேண்டுமென்றாலும் விஜிதரன் நாகேஸ்வரியின் கடையைத் தாண்டி வவுனியாவுக்குத்தான் போகிறான்.