கரைஞ்சுபோன வீக்கம்

ஆமா, நான்தான் அடிச்சேன். புருஷனோட அண்ணன், சிங்கப்பூர் தேக்காவுல எண்ணெய்க்கடை வெச்சிருக்கற பெரிய மனுஷன். அதனால என்ன? மண்டையைப் பொளந்துட்டேன்.

என் வீட்டுக்காரர் ஃபாரூக், பந்து விளையாடி முட்டிக்குள்ள தசைநார் அறுந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர். நல்லாத்தான் தேறிக்கிட்டு வந்தார். சீக்கிரமே ஊன்றுகோல் தேவைப்படாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தாங்க. அன்னிக்குக் காலையில பார்த்தா முட்டிக்குப் பின்னால ஒரு வீக்கம், எலுமிச்சம்பழம் அளவுக்கு. தொட்டேன். நெஞ்சு அடிக்கிற மாதிரி கைக்குள்ள குதிக்குது! ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "ரத்தக்குழாயா இருக்கலாம், யாரும் அமுக்காதீங்க, உடனே வாங்க"ன்னாங்க. டாக்சி கூப்பிட்டேன்.

டாக்சிக்கு முன்னாடியே எங்க புக்கிட் பாஞ்சாங் வீட்டுக்கு தம்பியைப் பார்க்க வந்து நின்னார் அந்த அண்ணன், நெய்னா முகம்மது, எண்ணெய்ப் புட்டியோட. ஃபாரூக்கோட பந்து டீம்ல எவனுக்குச் சுளுக்குன்னாலும் இவர்தான் உருவி விடுவார். அந்தத் திமிர்.

"ரத்தக்கட்டு லா. உருவினா கரைஞ்சிடும்."

"தொடாதீங்க மச்சான். டாக்சி வருது."

"நீ சும்மா இரு புள்ள. அவன் என் தம்பி."

குறுக்கே விழுந்து தடுத்தேன். முழங்கையால ஒரே தள்ளு. சுவத்துல மோதி உதடு கிழிஞ்சுது. ஃபாரூக் "வேணாம் காக்கா"ன்னு அண்ணனைப் பார்த்துக் கத்தக் கத்த, கட்டைவிரல் ரெண்டையும் வெச்சு அழுத்தினார்.

"பாரு, கரைஞ்சிடுச்சு!"ன்னு சிரிச்சார்.

எங்க கரைஞ்சுது? உள்ளேயே வெடிச்சிருக்கு. ஃபாரூக் அலறின அலறல் இன்னும் காதுல நிக்குது. கெண்டைக்கால் கல்லா இறுகிடுச்சு, பாதம் வெளுத்துச் சில்லிட்டுப் போச்சு. இந்த மனுஷன் மறுபடியும் எண்ணெய் ஊத்தறார்! யா அல்லாஹ், எனக்கு வெறி வந்துடுச்சு. ஊன்றுகோலைத் தூக்கி ஒரே போடு. புட்டி உடைஞ்சு தரையெல்லாம் எண்ணெயும் ரத்தமும். எழுந்தார். மறுபடி போட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்ட ஆம்புலன்ஸ்ல ஏறும்போதும் நான் அந்த ஊன்றுகோலை விடலை.

அவங்களே சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்துச்சு. தலையில கட்டோட இருந்த நெய்னா மச்சான், எண்ணெய்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லிட்டார்.

"இந்தப் பொய்யால எனக்கு ஆறாது. அந்தக் கால் போச்சுன்னா மறுபடி அடிப்பேன்"னு அவர்கிட்டயே சொன்னேன்.

ரெண்டு நாள் போராடினாங்க. அப்புறம் டாக்டர் வெளிய வந்தார். "தைச்ச குழாய் அடைச்சிடுச்சும்மா. சதை செத்துப்போச்சு. காலை எடுத்தாத்தான் உயிர் தங்கும்."

நெய்னா மச்சான் எழுந்து வந்தார். ஊன்றுகோலை எடுத்து என் கையில திணிச்சார். என் முன்னாடி மண்டி போட்டுத் தலையைக் குனிஞ்சார்.

"அடி புள்ள."

ஓங்கிட்டேன். அப்புறம் இறக்கி, அதுல காஞ்சிருந்த ரத்தத்தைத் துப்பட்டாவால துடைச்சு வெச்சேன். இது உடையக் கூடாது. ஃபாரூக்குக்கு இனிமே வேணும்.