பாறையைப் பிடித்த கால்கள்

எங்கள் தீவில் காய்ந்த கடலட்டைக்குத் தரம் சொல்லும் மேசை பல வருஷமாகக் குய்லானுடையது. ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாலே போதும், எந்தக் கடலில் எடுத்தது, எடை ஏற்றச் சர்க்கரைப் பாகில் போட்டதா என்று சொல்லிவிடுவாள். போன குளிர்காலத்தில் வந்த காய்ச்சல் அவள் மூக்கைக் கொண்டுபோய்விட்டது. பூண்டு வதங்கும் வாசனைகூடத் தெரியவில்லை. அன்றிலிருந்து கூட்டுறவுச் சங்கத்தில் முணுமுணுப்புதான். கூட உட்கார்ந்து தரம் பிரிக்கும் மின்ஹுவா, மூக்குப் போனவளுக்கு மேசை எதற்கு என்று வெளிப்படையாகவே கேட்டாள். குய்லான் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவிப் பிரித்தாள். அட்டை அவிக்கும் கொட்டகையில் கொப்பரைக்குத் தீ போடும் நான் எதிரிலிருந்து தினமும் பார்த்தேன்.

அந்தக் கோடையில் கடல் சூடேறி எங்கள் அட்டைகள் பாதி செத்துப்போயின. புதுவருஷத்துக்குக் கேட்டவர்களுக்கு அனுப்பச் சரக்கில்லை. அப்போதுதான் டாவ் என்ற வியாபாரி மூட்டைகளோடு கப்பலில் வந்து இறங்கினான். எல்லாம் பக்கத்துத் தீவுப் பாறைகளில் முங்கி எடுத்தவை என்றான். சங்கத் தலைவர் பெங்ஷானுக்கு முகம் மலர்ந்தது.

மின்ஹுவா ஒன்றை முகர்ந்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள். சர்க்கரை இல்லை, உப்பும் மிகையில்லை. மேசையில் போட்டால் கூழாங்கல் சத்தம். முதல் தரம் என்றாள்.

குய்லான் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அடிவயிற்றில் கட்டைவிரலை ஓட்டினாள். இன்னொன்றையும் அப்படியே பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள்.

“தலைவரே, இது பாறையையே பாத்ததில்ல. தெக்க கூண்டுல தீனி போட்டு வளத்தது.”

டாவ் சிரித்தான். “மூக்கில்லாத அக்கா விரலால மோந்து பாக்குறாங்க போல.”

சிலர் கூடவே சிரித்துவிட்டார்கள்.

“மூக்கு இருந்திருந்தா நானும் ஏமாந்திருப்பேன் தம்பி,” என்றாள் குய்லான். “காயவச்சவன் கெட்டிக்காரன். ஆனா நம்ம அலைக்கு ஈடுகொடுத்துப் பாறையக் கவ்விக்கிட்டுக் கெடந்தா, அடிவயித்துல இருக்குற சின்னக் கால்கள் குட்டையா, நெருக்கமா, முரடா இருக்கும். இது மழுமழுன்னு இருக்கு.”

கப்பலுக்கு நேரமாகிறது, வேண்டுமா வேண்டாமா என்று டாவ் அவசரப்படுத்தினான். பெங்ஷான் கையைப் பிசைந்தார். அதற்குள் வடகாற்று கிளம்பி, கப்பல் போகாது என்று துறைமுகத்திலிருந்து சொல்லியனுப்பிவிட்டார்கள். அப்படியானால் வேகவைத்தே பார்த்துவிடலாம், பாறையில் வளர்ந்தது வெந்தாலும் தொங்காது என்றாள் குய்லான்.

எங்கள் அட்டை ஒன்றில் சிவப்பு நூல் கட்டி, அவனுடையதோடு ஒரே பானையில் போட்டேன். ஊறவைப்பதும் வேகவைப்பதும் மறுபடி குளிர்ந்த நீரில் போடுவதுமாகக் காற்று அடங்கும்வரை அதே வேலை. எங்கள் வீட்டில் தங்கிய டாவ், வஞ்சிரமீன் கொழுக்கட்டையைத் தின்றபடி பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தான்.

பானையைத் திறந்தபோது தீவே கொட்டகையில் கூடியிருந்தது. நூல் கட்டிய அட்டை பருத்திருந்தது. குச்சியால் நடுவில் பிடித்துத் தூக்கினேன். இரண்டு முனையும் நடுங்கினவே தவிர வளையவில்லை. டாவின் அட்டையைத் தூக்கினேன். ஈரத்துணி மாதிரி இருபுறமும் தொங்கியது. குய்லான் கிள்ளியதும் சோயாப் பன்னீர் போலப் பிய்ந்து வந்தது.

பெங்ஷான் திரும்பிப் பார்த்த பார்வையில் டாவ் ஒப்புக்கொண்டான். தெற்குத் துறைமுகத்தில் வாங்கிய சரக்காம். பக்கத்துத் தீவின் பெயரை அவனே சேர்த்துச் சொன்னானாம்.

மின்ஹுவா எழுந்து வந்தாள். “அக்கா, என் மூக்கு காயவச்சவன் கைய மட்டுந்தான் பாத்துச்சு. கடலப் பாத்தது நீங்கதான்.”

குய்லான் வாய்விட்டுச் சிரித்தாள். நூல் கட்டியதை அரிந்து, பூண்டும் காடியும் விட்டு, முதல் துண்டை மின்ஹுவாவின் வாயில் வைத்தாள்.

“எப்படி மணக்குது, எனக்குச் சொல்லு.”

டாவ் மூட்டைகளோடு திரும்பிய கப்பலிலேயே செய்தியும் போனது. தங்கள் பெயரில் கூண்டு அட்டை விலைக்கு வந்ததைக் கேட்டுக் கொதித்த பக்கத்துத் தீவுக்காரர்கள், தங்கள் அசல் சரக்கை ஏற்றிக்கொண்டு அவர்களே வந்துவிட்டார்கள். பெங்ஷான் அவர்களை நேராகக் குய்லானின் மேசைக்குக் கூட்டிப்போனார். அவள் கட்டைவிரலை ஓட்டினாள்; முரடாக இடறியது.

“பாறைக்காரன்தான்,” என்றாள்.

புதுப்படகு இறக்கும்போது மட்டுமே வெடிக்கும் சரவெடியை, அட்டைக்குக் கடலில் முக்குளிக்கும் எங்கள் ஆட்கள் அன்று கொட்டகை வாசலிலேயே கொளுத்தினார்கள்.